கூடை சாயும்

மல்லாந்து படுக்க முடியாது என்று கொய்காய் சொல்லிவிட்டார்.

விடிய இன்னும் கொஞ்சம் இருந்தது. மாரா ஆற்றோரப் புல்வெளியில் பலூனின் கூடை பக்கவாட்டில் கிடந்தது. அதில் ஏறுவதென்றால் முதுகு கீழே, முழங்கால் மார்புக்கு நேரே, கை கயிற்றில் என்று படுத்துக்கொள்ள வேண்டும். பலூன் நிரம்பியதும் கூடை நிமிரும். காற்று நாளில் இறங்கும்போதும் அதே இருப்புதான்.

"பிரசவத்துக்குப் படுக்கிற மாதிரி இருக்கு," என்றார் கொய்காய். "என் பிள்ளைங்களுக்கு நான் அப்பன். பெத்தது என் பொண்டாட்டி. அந்தப் படுக்கை எனக்கு எதுக்கு?"

"இறங்கறப்போ காத்து அடிச்சா கூடை சாயும் ஐயா," என்றான் பைலட் லெகிஷோன். "நின்னுக்கிட்டு இருந்தா வெளியே தூக்கிப் போட்டுடும்."

"என்னைத் தூக்கிப் போட இனிமேத்தான் ஒரு காத்து பிறக்கணும்."

பக்கத்தில் நின்ற பர்முவாட் சிரித்தார். "யோவ், போன மழையில ஒரு கிடாரி உன்னைத் தூக்கி வேலி மேல போட்டுச்சே."

"அது காத்தா? அது மாடு. மாட்டுக்கு உரிமை இருக்கு."

இருவரும் நிலக் கமிட்டிக்காரர்கள். சிறு வயதிலிருந்து ஒன்றாக மாடு மேய்த்தவர்கள். அதனால் ஒருவர் சொன்னதை மற்றவர் இதுவரை ஒப்புக்கொண்டதில்லை.

மூன்றாவது ஆள் நோலாரி. அவர் எதையும் கேட்கவில்லை. சிவப்புப் போர்வையை இழுத்துச் சுற்றிக்கொண்டு, குனிந்து, கூடைக்குள் போய், சொன்னபடி படுத்து, சொன்னபடி கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

லெகிஷோனுக்கு முக்கியம் அவர்தான்.

ஆற்றுக்கு அப்பால் கிடக்கும் நீண்ட வெளி நோலாரியுடையது. அதில் மரம் கிடையாது, பாறை கிடையாது, ஓடை கிடையாது. காற்று ஏறிய நாளில் பலூன் இறங்க அந்தத் திசையில் வேறு இடமே இல்லை. அவர் கணவர் இருந்தவரை ஒரு தலையாட்டலில் காரியம் நடந்தது. அவர் போனபின் பலூன் கம்பெனி நோலாரியிடம் வந்து நின்றது. நோலாரி நாள் கணக்கில் யோசித்தார். கடைசியில், "நானே ஏறிப் பாக்கறேன். பாத்துட்டுச் சொல்றேன்," என்றார்.

அவர் மாட்டேன் என்றால் கம்பெனி கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு தெற்கே போய்விடும். அங்கே அவர்களிடம் பைலட்டுகள் இருக்கிறார்கள். லெகிஷோன் பழையபடி தரைக் குழுவில் கயிறு பிடிக்க வேண்டியதுதான். கயிறு பிடித்து, பர்னர் துடைத்து, வண்டி ஓட்டி, ஊர் ஊராகப் போய்ப் பரீட்சை எழுதி அவன் இந்த இடத்துக்கு வந்திருந்தான். வந்து முழுதாக ஒரு வருடம் ஆகவில்லை.

"ஒத்திகை பாத்துடலாம்," என்றான்.

அது அங்கே வழக்கம். இறக்கம் எப்படி இருக்கும் என்று காட்ட, தரைக் குழுப் பையன்கள் கூடையை உலுக்கி, நிமிர்த்தி, மறுபடி சாய்த்து, கயிறு போட்டுப் புல்லில் கொஞ்ச தூரம் இழுப்பார்கள். புதிதாக வருகிறவர்கள் கத்தித் தீர்த்துவிடுவார்கள். அப்புறம் மேலே போனால் கத்த மாட்டார்கள்.

பர்னரை ஒருமுறை திறந்து காட்டினான். நெருப்பு ஆளுயரத்துக்கு எழும்பியது. சிங்கம் இருமியதுபோலச் சத்தம்.

"காது போயிடும் போலிருக்கே," என்றார் நோலாரி. "பஞ்சு இருக்கா?"

டிரைவர் பராசா முதலுதவிப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தான். நோலாரி இரண்டு காதிலும் திணித்துக்கொண்டு, போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டார்.

"நான் தோள்ல தட்டறேன் அம்மா," என்று லெகிஷோன் குனிந்து கத்தினான். "அப்போ எழுந்திரிச்சாப் போதும்."

முதல் ஒத்திகையில் கொய்காய் நடுவிலே எழுந்து உட்கார்ந்தார். கூடையின் விளிம்பு நெற்றியில் இடித்தது. குற்றம் விளிம்புடையது என்றார். இரண்டாவது ஒத்திகையில் அவர் படுத்திருந்த கோலத்தைப் பார்த்துப் பர்முவாட் சிரித்த சிரிப்பில் கயிற்றை விட்டுவிட்டார். பையன்கள் இழுத்தபோது அவர் மட்டும் புல்லில் தங்கிவிட்டார்.

நோலாரி இரண்டு முறையும் அசையவில்லை. தட்டிய பிறகுதான் எழுந்தார். மறுபடியும் என்றதும் மறுபடியும் படுத்தார்.

லெகிஷோனுக்குக் கைகூப்பத் தோன்றியது. இப்படி ஒரு பயணி போதும், ஒரு பைலட் பிழைத்துக்கொள்வான்.

கிழக்கு வெளுத்துவிட்டது. பராசா வாயில் மண்டாசிப் பணியாரத்தோடு வந்தான்.

"கேப்டன், மத்தவங்க பலூன் எல்லாம் போயாச்சு. நீங்க ஒத்திகையிலேயே மத்தியானச் சாப்பாட்டை முடிச்சுக்குவீங்க போல. வெயில் ஏறினா காத்தும் ஏறும். சொல்லிட்டேன்."

"தெரியும்."

"தெரிஞ்சா சரி. நான் டிரைவர்தானே. எனக்கு ஏன் வம்பு?"

லெகிஷோன் கொய்காய் பக்கம் திரும்பினான். "விடுங்க ஐயா. வயசானவங்களுக்கு முழங்கால் மடங்காது. நீங்க வண்டியில வாங்க."

கொய்காய் படுத்த வேகத்தில் கூடை கிரீச்சிட்டது.

பர்னர் இரைந்தது. கூடை நிமிர்ந்தது. பையன்கள் கையை எடுத்தார்கள். அவ்வளவுதான். குலுக்கல் இல்லை, இழுப்பு இல்லை. பாலில் ஏடு எழும்புவதுபோலப் பலூன் எழும்பியது.

கொய்காய் விளிம்பைப் பிடித்து எட்டிப் பார்த்தார். பராசாவின் வண்டி புல்லில் ஒரு வண்டாக ஊர்ந்தது. ஆறு வெயிலில் புரண்டு படுத்தது. நீர்யானைகள் கழுவிவைத்த பானைபோல மினுங்கின.

"இதெல்லாம் நம்மளுதா?" என்றார் மெதுவாக.

"கொஞ்சம் உன்னுது. மிச்சம் என்னுது," என்றார் பர்முவாட்.

நோலாரி கூடையில் தனக்கென்று இருந்த தடுப்புக்குள் கால் மடித்து உட்கார்ந்த வாக்கிலேயே இருந்தார். போர்வைக்குள் தலை. உதடு அசைவது மட்டும் தெரிந்தது.

"அம்மா, எழுந்து பாக்கலாம்," என்று லெகிஷோன் குரல் கொடுத்தான்.

"அவளை விடு," என்றார் பர்முவாட். "ஜெபம் பண்றா. கோயில்லயும் இப்படித்தான். பாதிரியார் வீட்டுக்குப் போன பிறகுதான் ஆமென் சொல்வா."

ஜெபத்தைக் கலைக்கக் கூடாது. முடியட்டும், தோளைத் தட்டலாம் என்று லெகிஷோன் நினைத்துக்கொண்டான்.

"இடப்பக்கம் திருப்பு," என்றார் கொய்காய்.

"திருப்ப முடியாது ஐயா. மேலே போனா ஒரு காத்து, கீழே வந்தா ஒரு காத்து. அது போற பக்கம்தான் நாம."

"அப்போ ஓட்டறது நீ இல்லை."

"இல்லை ஐயா."

"நெருப்பு மட்டும் போடுறே."

"ஆமா."

"என் வீட்டுல அதை என் மருமக செய்யறா. அவளுக்கு இந்தப் பைலட் தொப்பி கிடையாது."

பர்முவாட் விளிம்பைத் தட்டித் தட்டிச் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. கொய்காய் கைத்தடியை நீட்டிக் கீழே காட்டிக்கொண்டிருந்தார்.

"அது யார் மாடு?"

வறட்சிக்கென்று கமிட்டி யாரையும் மேய்க்க விடாமல் மூடி வைத்திருந்த புல். மழை தவறினால் ஊர் மாடு எல்லாம் உயிர் பிழைப்பது அதில்தான். அதன் நடுவில் ஒரு மந்தை நிதானமாக மேய்ந்துகொண்டிருந்தது.

"எனக்கென்ன தெரியும்?" என்றார் பர்முவாட்.

"உன் மாடு."

"மேலேருந்து பாத்தா எல்லா மாடும் எறும்புதான். எறும்புல என் எறும்பு எதுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"வெள்ளை முதுகு. உன் வீட்டுலதான் வெள்ளை முதுகு ஜாஸ்தி. தம்பி, இறக்கு இதை."

"இங்கே இறங்க முடியாது ஐயா."

"முடியாது, முடியாது. உனக்கு என்னதான் முடியும்?"

வாக்கி-டாக்கி கரகரத்தது. பராசாவின் குரல்.

"கேப்டன், கீழே புல்லு படுக்க ஆரம்பிச்சாச்சு."

லெகிஷோன் எட்டிப் பார்த்தான். உண்மைதான். வெளி முழுவதும் புல் ஒரே பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து எழுந்தது. கூடைக்குள் ஒன்றும் தெரியாது. காற்றோடு போகிறவனுக்குக் காற்று தெரியாது. தரையைப் பார்த்தால்தான் தெரியும். பலூனின் நிழல் வரிக்குதிரைகளை முந்திக்கொண்டு ஓடியது.

வழக்கமாக இறங்கும் இடம் வந்தது. அங்கே யானைகள் நின்றன. குட்டியோடு. எங்கேயும் போகிற அவசரம் அவற்றுக்கு இல்லை.

பர்னரைத் திறந்தான். பலூன் அவற்றைத் தாண்டியது.

மிச்சம் இரண்டு வழி. நேரே போனால் ஆறு, ஆற்றைத் தாண்டினால் நோலாரியின் வெளி. காற்று நாளில் மறைவைத் தேடாதே, நீளத்தைத் தேடு. அவனுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அது. நீண்ட வெறும் வெளியில் இறங்கு. கூடை சாயட்டும், இழுக்கட்டும், தானாக நிற்கும். யாருக்கும் ஒன்றும் ஆகாது.

ஆனால் சாயும். இழுக்கும். நோலாரியின் புல்லை, நோலாரி உள்ளே இருக்கும்போதே, உழுதுகொண்டு போகும். அதைப் பார்த்துவிட்டு எந்த மனுஷி சரி என்று சொல்வாள்?

ஆற்றுக்கு இந்தப் பக்கம் குடைவேல மரங்கள் வரிசையாக நின்றன. அவற்றுக்குப் பின்னால் ஒரு பள்ளம். அங்கே புல் அசையாமல் நின்றது. மரம் காற்றைத் தடுத்திருந்தது. பூப்போல இறக்கிவிடலாம்.

பாடத்தை அவன் மறக்கவில்லை. இன்றைக்கு மட்டும் என்று நினைத்துக்கொண்டான்.

"பராசா, மரத்துக்குப் பின்னால இறங்கறேன்."

வாக்கி-டாக்கி இரைந்தது. "எந்த மரம்? முள்ளு இருக்கே, அந்த மரமா?"

"ஆமா."

"சரி. நான் டிரைவர்தானே."

கூடை மர உச்சியைச் சீவிக்கொண்டு போனது. ஒரு முள்கிளை ஒடிந்து உள்ளே விழுந்தது. அது கொய்காயின் போர்வையைப் பிடித்துக்கொள்ள, அவர் மரத்தைத் திட்டினார். மரத்தை நட்டவனைத் திட்டினார். பர்முவாட் ஆண்டவரைக் கூப்பிட்டார். நோலாரி மேல் இலை உதிர்ந்தது. அவர் போர்வையை ஒருமுறை உதறிக்கொண்டதோடு சரி.

மரம் தாண்டியது. காற்று அறுந்தது. பலூன் மெல்ல, மிக மெல்ல, பள்ளத்தில் உட்கார்ந்தது. கோழி முட்டைமேல் உட்காருமே, அப்படி.

லெகிஷோன் மூச்சை விட்டான். உலகத்தில் உள்ள எல்லோருக்கும் நன்றி சொல்ல வேண்டும்போல இருந்தது. மரத்துக்கு, பள்ளத்துக்கு, யானைகளுக்குக்கூட.

"யாரும் இறங்கக் கூடாது," என்றான். "நான் சொல்ற வரைக்கும்..."

"அதோ!" என்றார் கொய்காய்.

பள்ளத்தின் மறு கரை, மூடி வைத்த புல்லின் எல்லை. வெள்ளை முதுகுகள் தெரிந்தன.

"ஐயா, இறங்காதீங்க! பலூன் இன்னும் சூடா இருக்கு. ஒருத்தர் குறைஞ்சாலும்..."

முழங்கால் மடங்காத வயது என்று அவரைச் சொன்னது தவறு. கைத்தடியை வெளியே ஊன்றி, ஒரே தாவாகத் தாவி, கொய்காய் மந்தையை நோக்கி ஓடினார்.

கூடை ஒரு ஆளின் பாரம் குறைந்ததை உடனே உணர்ந்தது. விட்டது தொல்லை என்று எழும்பியது.

"யோவ் கொய்காய்!" என்று பர்முவாட் கத்தினார். "என் மாடா இருந்தா அடிக்காதே! வேற யார் மாடா இருந்தாலும் நல்லா அடி!"

கொய்காய் திரும்பிப் பார்த்தார். கூடை இருந்த இடத்தில் கூடை இல்லை. மேலே பார்த்தார். வாய் திறந்தது. என்ன சொன்னார் என்று கேட்கவில்லை.

மர உச்சிக்கு மேலே காற்று காத்துக்கொண்டிருந்தது. பலூனின் தலையில் ஒரு அறை விட்டது. பலூன் சப்பிப்போய், மறுபடி உப்பி, ஆற்றைப் பார்த்து ஓடியது. லெகிஷோன் பர்னரை விடாமல் திறந்து பிடித்தான். கீழே தண்ணீர். தண்ணீரில் கட்டைகள். சில கட்டைகளுக்குக் கண் இருந்தது.

"தம்பி," என்றார் பர்முவாட், குரல் சன்னமாகி. "நான் உன்னைப் பத்தி ஏதாவது தப்பாப் பேசியிருக்கேனா?"

"இல்லை ஐயா."

"நெருப்பு மட்டும் போடுறேன்னு சொன்னது கொய்காய். நான் இல்லை. நீ நெருப்புப் போடு. நல்லாப் போடு."

வாக்கி-டாக்கியில் பராசா. "கேப்டன், கமிட்டியில ஒரு ஆள் தரையில ஓடறாரு. அவரு நம்ம ஆளா?"

"ஏத்திக்கோ."

"மாட்டையுமா?"

லெகிஷோன் அளவுமானியைப் பார்த்தான். கேஸ் முள் சிவப்புக்கு வந்திருந்தது. ஆறு பின்னால் போனது. முன்னால் நோலாரியின் வெளி விரிந்தது. நீளமாக, மொட்டையாக. அவன் ஒதுக்கிவிட்டு வந்த அதே வெளி. இனி வேறு வெளி கிடையாது.

திரும்பி நோலாரியைப் பார்த்தான். முதுகு போகிற பக்கம், தலை விளிம்புக்குக் கீழே, இரண்டு கையும் கயிற்றில். புத்தகத்தில் படம் போட்டிருப்பார்களே, அப்படி. எழுப்பிப் பேச இனி நேரமில்லை. எழுப்பாததே நல்லதாகப் போயிற்று. மூன்று பேரில் இறக்கத்துக்குத் தயாராக இருந்தவர் அவர் ஒருவர்தான். ஆற்றுக்கு மேலேகூட அவர் கத்தவில்லை.

தாயே, உனக்குக் கோடி புண்ணியம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டான். இனி நிலத்தைத் தராவிட்டாலும் பரவாயில்லை. பத்திரமாக இறக்கிவிட்டால் போதும்.

பர்முவாட் பக்கம் திரும்பினான்.

"ஐயா, உக்காருங்க. கயிறைப் பிடிங்க."

பர்முவாட் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். பிரசவத்துக்குப் படுப்பதுபோலத்தான்.

"கூடை சாயும். இழுக்கும். எவ்வளவு இழுத்தாலும் கையை விடாதீங்க. நின்ன பிறகும் விடாதீங்க. நான் சொல்லணும்."

"நீ சொல்லாம நான் மூச்சுகூட விடமாட்டேன் தம்பி."

தரை விறுவிறுவென்று வந்தது. நோலாரியின் மாடுகள் வெளியின் ஒரு ஓரத்தில் இருந்தன. வழி சுத்தமாக இருந்தது. லெகிஷோன் கேஸை மூடினான். பர்னரின் சின்னச் சுடரை அணைத்தான். திடீரென்று எல்லாம் அமைதி. புல் கூடையின் அடியை உரசும் சத்தம் மட்டும்.

சிவப்புக் கயிற்றை இரண்டு கையாலும் பிடித்து அடியோடு இழுத்தான். பலூனின் உச்சி வாய் திறந்தது.

கூடை தரையில் மோதியது. துள்ளியது. மறுபடி மோதி, பொத்தென்று சாய்ந்தது. சாய்ந்தபடியே ஓடியது. மண் பறந்தது. புல் பறந்தது. பலூன் பாதி செத்த காளைபோல முன்னால் விழுந்து புரண்டு இழுத்தது. லெகிஷோன் கயிற்றை விடவில்லை. இழுத்துக்கொண்டே இருந்தது. எறும்புப் புற்று ஒன்று தூளானது. பர்முவாட் ஆண்டவரின் எல்லாப் பெயர்களையும் சொல்லி முடித்து, தன் மாடுகளின் பெயர்களை ஆரம்பித்தார்.

பிறகு மெதுவானது. பிறகு நின்றது.

துணி புஸ்ஸென்று அடங்கும் சத்தம். தூரத்தில் ஒரு மாட்டின் மணி.

"ஐயா?"

பர்முவாட் வாயிலிருந்து எதையோ எடுத்துப் பார்த்தார். மென்று பார்த்தார்.

"நல்ல புல்லு," என்றார். "இனிப்பா இருக்கு."

"அடி பட்டிருக்கா?"

பர்முவாட் கையைத் தொட்டுப் பார்த்தார். காலைத் தொட்டுப் பார்த்தார். எல்லாம் இருந்தன. தவழ்ந்து வெளியே போய், எழுந்து நின்று, தரையைக் காலால் இரண்டு தடவை மிதித்துப் பார்த்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது.

"என் நிலத்துல நீ எப்ப வேணா இறங்கிக்கோ தம்பி," என்றார். "நான் உள்ளே இல்லாதப்போ."

பராசாவின் வண்டி ஆற்றுப் பாலத்தைக் கடந்து, புழுதி கிளப்பிக்கொண்டு வந்து நின்றது. பையன்கள் குதித்து ஓடிப்போய் அடங்காத துணிமேல் விழுந்து அமுக்கினார்கள். கொய்காய் முன் சீட்டிலிருந்து இறங்கினார். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"மாடு யாருது?" என்றார் பர்முவாட்.

கொய்காய் தொண்டையைச் செருமினார். "மேலேருந்து பாத்தா முதுகுதான் தெரியுது."

"யாருது?"

"காதுல அடையாள வெட்டு இருக்கே, அது தெரியறது இல்லை."

"யோவ், யாருது?"

"என் மூத்தவன் ஓட்டி விட்டிருக்கான்," என்றார் கொய்காய். "அவனுக்கு ராத்திரி சாப்பாடு கிடையாது."

பர்முவாட் புல்லில் உட்கார்ந்துவிட்டார். சிரித்துச் சிரித்து அவருக்கு விக்கல் வந்தது. கொய்காய் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு குனிந்து, அவர் தலையில் ஒட்டியிருந்த புல்லைத் தட்டிவிட்டார்.

"உயிரோட இருக்கியே," என்றார். "அது போதும். வண்டியில வரும்போது நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். உன்னை விட்டா நான் யாரோட சண்டை போடறது?"

லெகிஷோன் கூடையின் பின்னால் பார்த்தான். வெளியின் குறுக்கே ஒரு நீளக் கோடு. ஏர் பிடித்து உழுததுபோல. நோலாரியின் புல்.

நோலாரி இன்னும் வெளியே வரவில்லை.

சிரிப்பு நின்றது. எல்லோரும் கூடையைப் பார்த்தார்கள். லெகிஷோன் மண்டியிட்டுத் தவழ்ந்து உள்ளே போனான். பின்னால் பர்முவாட்டும் கொய்காயும் ஒரே நேரத்தில் தலையை நுழைத்து ஒருவரையொருவர் இடித்துக்கொண்டார்கள்.

நோலாரி மல்லாந்து கிடந்தார். முழங்கால் மார்புக்கு நேரே. கை கயிற்றில். போர்வை முகத்தில்.

லெகிஷோன் தோளைத் தட்டினான்.

போர்வை விலகியது. நோலாரி கண்ணைத் திறந்தார். ஒரு காதிலிருந்து பஞ்சை எடுத்தார். பிறகு மற்றக் காதிலிருந்து.

"அம்மா, ஒண்ணும் ஆகலையே?"

"எனக்கென்ன?"

"மன்னிச்சுக்கங்க அம்மா. இவ்வளவு தூரம் இழுக்கும்னு..."

"எதுக்கு மன்னிப்பு?" என்றார் நோலாரி. "இப்படித்தான் இருக்கணும். கம்பெனிக்காரங்க எல்லாம் என் வீட்டுக்காரர்கிட்ட ஒண்ணும் ஆகாது, ஒண்ணும் ஆகாதுன்னே சொல்லிட்டுப் போவாங்க. ஆகும்னு சொன்னவன் நீ ஒருத்தன்தான். வாயால சொன்னதோட விடாம செஞ்சும் காட்டினே. என் பிள்ளைங்களைக்கூட உன்னை நம்பி அனுப்புவேன்."

லெகிஷோன் இன்னும் கிட்டே தவழ்ந்து போனான்.

"பாத்துட்டுச் சொல்றேன்னு சொன்னேன். வேண்டாம், இப்பவே சொல்லிடறேன். என் வெளியில நீ இறங்கிக்கோ. காத்து நாளோ, காத்து இல்லாத நாளோ. இவங்க ரெண்டு பேரும் சாட்சி."

"சாட்சி," என்றார் கொய்காய்.

"சாட்சி," என்றார் பர்முவாட். இருவரும் ஒரே சொல்லைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

லெகிஷோன் நோலாரியின் கையைப் பிடித்துக்கொண்டான். நன்றி என்று சொல்ல வாயைத் திறந்தான். அழுகைதான் வந்தது. பர்முவாட் எட்டி, ஊர் வழக்கப்படி அவன் தலையில் துப்பி ஆசீர்வதித்தார். கொஞ்சம் புல்லும் சேர்ந்து விழுந்தது.

"அட, இதுக்கு ஏன் அழறே?" என்றார் நோலாரி. "இழுத்த பசங்கதான் பாவம். களைச்சிருப்பாங்க. முதல்ல அவங்களுக்கு டீ குடு."

அவர் பஞ்சை மறுபடி காதில் திணித்துக்கொண்டார். முழங்காலை மடக்கி, கயிற்றைப் பிடித்து, போர்வையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டார்.

"சரி தம்பி," என்றார் உள்ளேயிருந்து. "மூணு ஒத்திகை போதும். இப்பவாவது மேலே கூட்டிட்டுப் போ."